தூறலாக இறக்கிய மருந்து

மார்ச் 3, திங்கள்

நாளை மறுபடியும் ஆஸ்பத்திரி. தங்கச்சி பையை எடுத்து வைத்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு அதே வரிசையில் திரும்ப வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் வெச்சது பிடிக்கலையா, இல்ல பையே பிடிக்கலையா?" என்றாள். சரிபார்க்காமல் எதையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை. சரிபார்த்த பிறகும் அவ்வளவாக நம்புவதில்லை.

முதல் சுற்று முடிந்து ஒரு வாரம் ஓய்வு கிடைத்தது. மூன்று செவ்வாய் மருந்து, ஒரு செவ்வாய் விடுப்பு. மருந்தின் பெயர் ஜெம்சிடபின். என் கணையத்தில் இருக்கும் கட்டியை இது கரைத்துவிடாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அறுத்து எடுக்கும் கட்டத்தையும் அது தாண்டிவிட்டதாம். "வளராம பிடிச்சு வைக்கலாம். வலி குறையலாம். கொஞ்ச காலம் கிடைக்கலாம்." வேலைக்காலம் முழுக்க வானிலை அலுவலகத்தில் உட்கார்ந்து 'மழை பெய்யக்கூடும்' என்று எழுதியவன் நான். இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. கேட்கிற பக்கம் உட்கார்ந்திருப்பதுதான் புதிது.

ஆனால் ஒன்றைக் குறித்து வைக்க வேண்டும். முதுகு வலி குறைந்திருக்கிறது. மருந்துக்கு முன்பெல்லாம் மேசைமேல் தலையணையைப் போட்டு, அதில் கவிழ்ந்துதான் தூங்கினேன். இப்போது மல்லாந்து படுக்க முடிகிறது. கால் நீட்டி மல்லாந்து படுப்பது இவ்வளவு பெரிய காரியம் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் மரியாதைக்காகத் தலையாட்டியிருப்பேன்.

மார்ச் 4, செவ்வாய்

மருந்து ஏற்றும் அறையில் சாயும் நாற்காலிகள் இரண்டு வரிசை. எனக்கு ஜன்னலோரம். பக்கத்து நாற்காலியில் போன சுற்றிலிருந்தே ஒரு பஸ் டிரைவர். அவருக்கு நுரையீரலில் கட்டி. ஆனால் அவருக்குத் தொங்குவதும் எனக்குத் தொங்கும் அதே மருந்துதான். சிறுநீர்ப்பை, மார்பகம் என்று இன்னும் பல இடங்களுக்கும் இதையே கொடுக்கிறார்களாம்.

என் வேலையைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து டிரைவர் என்னை விடுவதில்லை. "ஐயா, நீங்க மழை வரும்னு சொன்ன அன்னிக்கெல்லாம் வைப்பரைச் சரி பண்ணிட்டுத்தான் வண்டி எடுப்பேன். ஒரு சொட்டு விழுந்ததில்ல. வரவே வராதுன்னீங்க பாருங்க, அன்னிக்குத்தான் என் பஸ் படகாப் போச்சு." அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். தப்பு என் பிரிவினுடையது அல்ல என்று சொல்ல நினைத்தேன்.

மருந்து இறங்கத் தொடங்கியதும் கை எரிந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, நரம்புக்குள் மிளகாயை அரைத்து விட்டதுபோல. போன சுற்றிலும் எரிந்தது, இவ்வளவு இல்லை. நர்ஸ் கடந்து போகும்போது "எரியுதா தாத்தா?" என்றாள். "பரவாயில்லம்மா" என்றேன். பாவம், ஓட்டமாய் ஓடிக்கொண்டிருந்தாள். எதிர் வரிசையில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

குழாயின் நடுவில் கட்டைவிரலால் உருட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. கீழே உருட்டினால் சொட்டு குறைகிறது. நர்ஸ் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவள் அந்தப் பக்கம் போனதும் நானே மெல்ல உருட்டினேன். எரிச்சல் அடங்கியது.

இதில் நியாயமும் இருக்கிறது என்று தோன்றியது. பெருமழை மண்ணின் மேலே ஓடிப் போய்விடும். தூறல்தான் உள்ளே இறங்கும். அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மெதுவாகப் போனால் உடம்பும் தாங்கும், மருந்தும் நன்றாகப் பிடிக்கும்.

நர்ஸ் திரும்பி வருவது தெரிந்ததும் சக்கரத்தைப் பழைய இடத்துக்கே உருட்டிவிட்டேன். "ஏன் இன்னும் முடியல?" என்றாள். "கையை மடக்கிட்டேன் போல" என்றேன். என் கைக்குள் போகிற மருந்துதானே. இதற்கு எதற்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டது?

மார்ச் 5, புதன்

காய்ச்சல், உடம்பு வலி. முதல் இரண்டு நாள் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். படுத்தே கிடந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் உருட்டினேன். டிரைவர் பார்த்துவிட்டார்.

"என்ன ஐயா, பிரேக் போடறீங்களா?"

மெல்லிய குரலில் விளக்கினேன். பெருமழை, தூறல், மண். அவர் கவனமாகக் கேட்டார். வாழ்நாளில் நான் சொன்ன எதையும் யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அலுவலகத்தில்கூட என் பேச்சின் நடுவில்தான் எல்லாருக்கும் டீ ஞாபகம் வரும். அவரோ, "அட, ஆமால்ல! படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று தன் சக்கரத்தையும் உருட்டிக்கொண்டார். "ஆகா, எரிச்சல் போயிடுச்சு! இதை ஒருத்தரும் சொல்லலையே."

வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. எழுதும்போது அது தெரிகிறது. இருக்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

கணுக்கால் வீங்கியிருக்கிறது. மார்பில் சிவப்புத் திட்டுகள். எழுந்து குளியலறை வரை போய் வந்தால் மாடி ஏறியதுபோல் மூச்சு வாங்குகிறது. தங்கச்சி கஞ்சி கொண்டு வந்தாள். நான்கு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "இந்தக் கிண்ணத்துல பாதி, இல்லன்னா உன் பேனாவை ஒளிச்சு வெச்சிடுவேன்" என்றாள். பாதி குடித்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

மருந்து ஏற்றவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன. இந்த நிலையில் மருந்து ஏற்றினால் சாதாரண சளிகூட ஆளைக் கொண்டுபோய்விடுமாம். "முதல் சுற்றுல நல்லாத்தானே தாங்குனீங்க?" என்று டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். நான் தரையைப் பார்த்தேன். எனக்கும் காரணம் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

வெளியே வரும்போது டிரைவருக்கு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்து, கட்டைவிரலை உருட்டிக் காட்டினார்.

மார்ச் 27, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. களைப்பு. களைப்பு என்ற சொல்கூடப் போதவில்லை. தூங்கி எழுந்தாலும் போகாத ஒன்றுக்குத் தனிச் சொல் வேண்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அணுக்கள் ஏறியிருந்ததால் மருந்து ஏற்றினார்கள். எரிந்தது. உருட்டினேன். இந்த முறை இன்னும் மெதுவாக. போன முறை உடம்பு தாங்காததற்கு வேகம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். டிரைவரும் அப்படியே செய்தார். அவர் முகம் வாடியிருந்தது. "ரெண்டு நாளா நடுங்குது ஐயா. வண்டி பழசாயிடுச்சு, வேறென்ன" என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் குறைவு, போன முறையைவிட மோசம். டாக்டர் வருத்தமாகத்தான் சொன்னார். "இந்த மருந்து உங்க உடம்புக்கு ஒத்துக்கலன்னு நினைக்கிறேன் சார். இதைவிடக் கடுமையானதை உங்க வயசுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரல. நிறுத்திட்டு, வலிக்கு மட்டும் பார்த்துக்கலாமான்னு யோசிங்க."

தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் "சரிங்க" என்றேன். யார் எதைச் சொன்னாலும் என் வாயில் வருவது அதுதான். மனசுக்குள் மேசையும் தலையணையும் வந்து நின்றன.

மருந்து அறையைத் தாண்டும்போது டிரைவரின் நாற்காலி காலியாக இருந்தது. காய்ச்சலோடு வார்டில் சேர்த்திருப்பதாக நர்ஸ் சொன்னாள். தங்கச்சிக்கு வாய் சும்மா இருக்காது. "அந்த மருந்தைக் கொஞ்சம் மெதுவா விட்டிருந்தா எங்கண்ணன் உடம்பு தாங்கியிருக்கும்ல?" என்று கேட்டாள்.

"ஐயோ, இது அப்படி இல்லம்மா" என்றாள் நர்ஸ். "இதை அரை மணி நேரத்துல ஏத்தி முடிச்சிடணும். ஒரு மணி நேரத்துக்கு மேல இழுத்தா உடம்புக்குள்ள அதிகமாத் தங்கி அணுக்களைத்தான் அடிக்கும். மத்த மருந்து மாதிரி நினைச்சிடாதீங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு வாங்குகிறது என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒவ்வொரு முறையும் நான் இழுத்தது அதற்கும் மேல்.

அவரும்தான்.

ஏப்ரல் 9, புதன்

சொன்னால் என்ன ஆகும்? டாக்டர் கோபப்படுவார். நர்ஸுக்குத் திட்டு விழும். நோயாளி சக்கரத்தை உருட்டுகிறான், நீ எங்கே போனாய் என்று கேட்பார்கள். அவள் எங்கேயும் போகவில்லை, எட்டுப் பேருக்கு ஓடிக்கொண்டிருந்தாள். சொல்லாவிட்டால்? எனக்கு மருந்து நிற்கும். அது என் பாடு. ஆனால் அந்த மனுஷன் காய்ச்சல் தணிந்து திரும்பி வருவார், அதே நாற்காலியில் உட்காருவார், படிச்சவர் சொன்னது என்று அதே சக்கரத்தை உருட்டுவார்.

ஒருவேளை காரணம் இது இல்லையோ? அணுக்கள் எப்படியும் குறைந்திருக்கலாம். இந்த மருந்துக்கு அது வழக்கம்தான் என்று முதல் நாளே சொன்னார்களே. இருக்கலாம்.

எப்படி எழுதினாலும் நான் நல்லவனாகவே வந்து நிற்கிறேன். ச்சே. என்ன ஜென்மம்டா நீ.

ஏப்ரல் 10, வியாழன்

தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல மடிப்பது நின்றது. முடித்ததும் ஒரு துண்டை உதறினாள், என் முகத்துக்குப் பக்கத்தில்.

"எரியுதுன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை! அதைச் சொல்ல வாய் வரல, மருந்தை மாத்தற அளவுக்குக் கை மட்டும் வந்துச்சா?"

"தொந்தரவு குடுக்க வேண்டாம்னு..."

"குடுக்காத தொந்தரவா இது? அண்ணா, சின்ன வயசுல உன் செருப்பை எவனோ மாட்டிக்கிட்டுப் போனான். கேட்டா சங்கடப்படுவான்னு வெறுங்காலோட வீட்டுக்கு வந்தே. அன்னிக்கு உன் கால்தான் சுட்டுது. இன்னிக்கு இன்னொருத்தன் படுத்துக் கிடக்கான்."

அப்புறம் அழுதாள். அவள் வீட்டுக்காரர் போனபோதுகூட என் முன்னால் அழாதவள். "நாளைக்குப் போறோம். நீதான் சொல்லணும். நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றாள். அவள் வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு விதிக்கக்கூடிய பெரிய தண்டனை. அது அவளுக்கும் தெரியும்.

ஏப்ரல் 11, வெள்ளி

சொன்னேன். இரண்டு முறை தொடங்க வேண்டியிருந்தது. தங்கச்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று கேட்டார். பிறகு, "எரியுதுன்னு ஏன் சொல்லல?"

"நர்ஸம்மா ஓடிக்கிட்டே இருந்தாங்க."

"ஓடறதுதான் சார் அவங்க வேலை. சொல்றது உங்க வேலை. வெந்நீர் ஒத்தடம் குடுத்தா அடங்கியிருக்கும். வேற நரம்புல மாத்தியிருப்பாங்க."

பிறகு டிரைவரைப் பற்றிச் சொன்னேன். அதற்கு மேல் அவர் என்னைக் கேட்கவில்லை. உடனே வார்டுக்கு போன் செய்தார். நான் என் சட்டைப் பித்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "அவருக்கும் அணுக்கள் ரொம்பக் கம்மி. அதோட தொற்று. ஊசி போட்டுக்கிட்டு இருக்காங்க. உங்களாலதான்னு நான் சொல்ல மாட்டேன். உங்களால இல்லைன்னும் சொல்ல மாட்டேன். இப்பவாவது சொன்னீங்களே, அது உதவும்."

வராந்தாவில் டிரைவரின் மனைவி பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார். முன்பு ஒருமுறை அறை வாசலில் பார்த்திருக்கிறேன். தங்கச்சி என் முதுகில் லேசாகத் தள்ளினாள். போய்ச் சொன்னேன்.

"நீங்கதானா அந்த மழைக்காரர்?" என்றார். "வீட்டுக்கு வந்து ஒரே பெருமை. பெரிய ஆபீசர் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து ரகசியம் சொல்லிக் குடுத்தார்னு." பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகித் திறந்தார், மூடினார். "உங்களைத் திட்டணும். எனக்கு இப்ப அதுக்குக்கூடத் தெம்பு இல்ல. போங்க."

வந்துவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவருக்குக் காய்ச்சல் விடவில்லையாம். தங்கச்சி போன் செய்து கேட்டாள். என்னால் போனைத் தொட முடியவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

விட்டுவிட்டது. நேற்று மாலையிலிருந்து விட்டிருக்கிறது. இட்டலியோ ரொட்டியோ, எதையோ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

எனக்கு ரத்தம் பார்த்தார்கள். ஏறத் தொடங்கியிருக்கிறது. அளவைக் குறைத்து, ஒழுங்காக ஏற்றி, ஒரு சுற்று பார்க்கலாம் என்றார் டாக்டர். அதிலும் விழுந்தால் நிறுத்தத்தான் வேண்டும். நான் 'சரிங்க' என்று தொடங்கி, நிறுத்தி, "எனக்கு வேணும்ங்க" என்றேன். இதைச் சொல்ல ஏன் வெட்கமாக இருந்தது? இந்த வயதில் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்பது பந்தியில் இரண்டாம் முறை கை நீட்டுவதுபோல் இருந்தது.

முதுகு வலி மெல்லத் திரும்புகிறது. ஒருக்களித்துப் படுக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மருந்து. நர்ஸ் சக்கரத்தைச் சரியான அளவில் வைத்துவிட்டு, அதன் மேல் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. தலைமை நர்ஸ் அவளை எல்லார் முன்னாலும் திட்டினாராம். "மன்னிச்சுடும்மா" என்றேன். "கையை நேரா வைங்க சார்" என்றாள். தாத்தா என்று கூப்பிட்டவள். எரிகிறது என்றேன். ஒத்தடம் கொண்டுவந்து வைத்தாள், ஒரு வார்த்தை பேசாமல். அரை மணி நேரத்தில் முடிந்தது. ஒத்தடம் இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

டிரைவரே போன் செய்தார். குரல் தேய்ந்திருக்கிறது. அவருக்கு இந்த மருந்தை நிறுத்திவிட்டார்களாம். நுரையீரலுக்கு வேறு ஏதோ மாத்திரை. இனி அந்த அறைக்கு வர வேண்டியதில்லை.

நான் தொடங்குவதற்குள், "ஐயா, பிரேக்கைக் காட்டினது நீங்க. மிதிச்சது நான்" என்றார். "என் வீட்டம்மா கத்துவா, அவ அப்படித்தான், விடுங்க."

"விட முடியல தம்பி."

"முடியாதுதான்" என்றார். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். முடியாதுதான் என்றதும் ஏனோ கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய்

அணுக்கள் குறைந்திருக்கின்றன, ஆனால் மருந்து ஏற்றலாம் என்கிற அளவுக்குள். ஏற்றினார்கள். காய்ச்சல், களைப்பு, வாய்க்கசப்பு எல்லாம் வழக்கம்போல. ஆக, காரணம் அந்தச் சக்கரம்தானா? ஒரே ஒரு சுற்றை வைத்து முடிவு சொல்லக் கூடாது. சொல்ல எனக்கு ஆசையும் இல்லை.

மே 2, வெள்ளி

மதியம் மல்லாந்து படுத்திருந்தேன். தங்கச்சி வந்து, பயந்து, மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்த்தாள். "இருக்கேன்" என்றேன். "இருந்தா சொல்லித் தொலைக்கறதுக்கென்ன" என்றாள்.

மே 6, செவ்வாய்

சுற்றின் கடைசி மருந்து. அடுத்த மாதம் ஸ்கேன். கட்டி அப்படியே இருந்தால் தொடரலாம், வளர்ந்திருந்தால் நிறுத்தலாம். டாக்டர் இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

பக்கத்து நாற்காலியில் இன்று ஒரு பெண்மணி. பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. முதல் நாள். துணைக்கு வந்த மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். மருந்து இறங்கத் தொடங்கியதும் அவர் உதட்டை மடித்துக்கொண்டார். நர்ஸ் அறையின் அந்தக் கோடியில் இருந்தாள். "எப்படிம்மா இருக்கு?" என்று அங்கிருந்தே கேட்டாள். இந்த அம்மாள் புன்னகைத்து, "பரவாயில்ல சிஸ்டர்" என்றார்.

அவருக்கு பிளாஸ்டர் ஒட்டியிருக்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் போல. சற்று நேரத்தில் அவருடைய இன்னொரு கை மெல்லக் குழாயைத் தேடிப் போயிற்று. சக்கரத்தைப் பிடித்தது. இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அம்மா, அதைத் தொடாதீங்க!" என்றேன். அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். நான் நிறுத்தவில்லை. "நர்ஸம்மா! இங்க வாங்க! இவங்களுக்கு எரியுது, சொல்ல மாட்டேங்கறாங்க!"

அறை முழுக்கத் திரும்பியது. வாசலில் தங்கச்சியின் தலை தெரிந்தது. அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது, அவருக்காகவும் எனக்காகவும். ஆனாலும் நர்ஸ் வந்து சேரும் வரை, "எரியுது, எரியுது" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். தங்கச்சி சொல்லித்தான் தெரிந்தது.

நர்ஸ் ஒத்தடம் வைத்தாள். அந்த அம்மாள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். போகிற போக்கில் நர்ஸ் என் மருந்துப் பையைப் பார்த்து, "உங்களுதும் முடியப் போகுது தாத்தா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டேன். இப்போது எழுந்து இதை எழுதுகிறேன். தொண்டை கரகரவென்று வலிக்கிறது. கத்தியதால்தான் இருக்கும். அணுக்கள் குறைவாக இருக்கும்போது தொண்டை வலியையும் சொல்ல வேண்டும் என்றார்கள். காலைவரை பார்க்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம். தங்கச்சியைக் கூப்பிட்டுப் போனை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். நானே பேசுகிறேன்.